விழுந்தால் எழுப்ப ஓர் ஆள்

கம்பத்தில் விஜய்ராஜின் திராட்சைக் குளிர்பதனக் கிடங்கில், கணினித் திரையில் ஓடிய வரிகளைக் கிருபாவதி அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு குளிரறைகளின் வெப்பநிலையைக் கவனிக்கும் நிரல் அது. எழுதிக் கொடுத்தவர் கனடா போய்விட்டார். எலிக்சர் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தார். பன்னிரண்டு வருடம் ஜாவா மொழியில் வேலை பார்த்த கிருபாவதி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான்.

“அஞ்சாவது ரூம் கட்டியாச்சுக்கா. அதையும் இதுல சேக்கணும். ஆகாதுன்னா இதத் தூக்கிட்டு, உங்களுக்குத் தெரிஞ்சதுல புதுசா எழுதிருங்க,” என்றான் விஜய்ராஜ்.

இது ஆகாது என்று சொல்லத்தான் அவளும் அல்லிநகரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வேலை போய் எட்டு மாதம். வியாழக்கிழமை ஒரு நேர்காணல், முழுக்க ஜாவா. “மதுரை, கோயமுத்தூரு எல்லாம் தேடிப் பாத்துட்டேன். அந்த மொழிக்கு ஒரு வேலைகூடக் காட்டல. இருக்கிற நாலு நாளை அதுல போட்டுறாத, கிருபா,” என்று கணவன் ஜஸ்டின் காலையிலேயே சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் தவறில்லை. போன நேர்காணலில் எளிய கேள்வி ஒன்றுக்குத் திணறியதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடேறியது.

உள்ளே பெட்டி அடுக்கிய யாருடைய காலிலோ வெப்பமானி வயர் சிக்கிக் கழன்றது. திரையில் மூன்றாம் அறையின் வரி சிவந்தது. பிழைச் செய்தி கடகடவென்று இறங்கியது. கிருபாவதி பதறி எழுந்தாள். அவள் எழுதிய நிரல்களில் ஒரு பகுதி விழுந்தால் மொத்தமும் சேர்ந்து விழும். இங்கே மற்ற மூன்று வரிகளும் தம் பாட்டுக்கு எண்களைக் காட்டிக்கொண்டிருந்தன. வயரைச் சொருகியதும் மூன்றாவது தானாக எழுந்து வந்தது.

“இப்படித்தான்க்கா. விழாமப் பாக்கறது என் வேலையில்ல, விழுந்தா எழுப்ப ஒரு ஆளு வச்சிருக்கேன்னு எழுதுனவரு சொன்னாரு.”

அந்த ஆளை அவள் நிரலுக்குள் தேடினாள். கண்டுபிடித்தபோது வெறும் ஆறு வரி. பாதிக் குறிகள் புரியவில்லை. மறுபடி மேலிருந்து படித்தாள்.

“நாலு வயரையும் ஒண்ணாப் பிடுங்குனா, அந்த ஆளு எல்லாத்தையும் எழுப்புவாரா?”

“தெரியலயேக்கா. யாரும் பாத்ததில்ல. மீட்டருதான் நிக்கும், குளிரு நிக்காது. பிடுங்கவா?”

அதற்குள் ஜஸ்டின் போன் செய்தான். “முடியாதுன்னு சொல்லிட்டியா?”

“இல்லங்க... ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுச் சொல்றேன்.”

“என்னத்த?”

அவள் போனோடு திரையிலிருந்து நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வயர்கள் வந்துசேரும் பெட்டியருகே விஜய்ராஜ் நின்றிருந்தான். நான்கு வயர்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, அவள் தலையசைப்புக்காகக் காத்திருந்தான்.