சுவரில் மாட்டிய பெயர்

“நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல...”

“எதைக் கேக்கணும்? என்னைக் கேட்டியா நீ? முதல்ல அதைச் சொல்லு.”

“கேட்டிருந்தா சரின்னு சொல்லி...”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல!”

மருந்துக்கடைக்குள் அண்ணனும் தங்கையும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கண்ணாடி மேசை. உள்பக்கம் அவன், வெளிப்பக்கம், தலைவலி மாத்திரை வாங்க வந்தவளைப் போல அவள். கல்லாவில் இருந்த அண்ணி கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தலைக்கு மேலே, புதுச் சட்டத்துக்குள் அந்த உரிமம் தொங்கியது. தங்கையின் படம், தங்கையின் பெயர், பதிவு எண். மருந்தாளுநர் தேர்வை மூன்றாவது முறை எழுதி, போன மாதம்தான் தேறியிருந்தாள்.

“ஃப்ரேம் போட்டுத் தரேன்னுதானே வாங்கிட்டுப் போனே?”

“போட்டேனா இல்லையா? தொட்டுப் பாரு, நல்ல மரம்.”

“மாட்டினது யார் சுவத்துல?”

அன்று காலைதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. திங்கட்கிழமை அவள் அங்கே வேலையில் சேர வேண்டும். பேசிய அலுவலகப் பெண்ணுக்கு அவசரம். “உங்க நம்பர் ஏற்கெனவே ஒரு கடையில ஏறியிருக்கே மேடம்? ஒரு உரிமம் ஒரு இடத்துக்குத்தான், தெரியாதா? கடைக்காரர் விடுவிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் நாங்க எடுத்துக்க முடியும். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்.”

தெரியாதா என்று கேட்டதுதான் அவளைச் சுட்டது. தேர்வில் வந்த கேள்வி அது. சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

“இங்க மருந்தாளுநரா இருந்த பெரியவர் திடுதிப்புன்னு மகன் வீட்டோட போயிட்டார். அவர் உரிமத்தையும் எடுத்துட்டுப் போயிட்டார். இன்னொண்ணு மாட்டாம கடையைத் திறந்தா சீல் வெச்சிடுவாங்க. வீட்டுலயே ஒருத்தி பாஸ் பண்ணி உக்காந்திருக்கா, நான் தெருத்தெருவா ஆள் தேடணுமாக்கும்?”

“நான் என்ன பரண்ல கிடக்கிற ஏணியா? தேவைப்பட்டா எடுத்துச் சாத்திக்கிறதுக்கு?”

“பெரிய பேச்செல்லாம் பேசாதே பொடிசு. கையெழுத்துப் போட்டது நீதானே?”

போட்டது அவள்தான். முடிவு வந்த பிறகு பல நாள் அவள் வெறுமனே தூங்கினாள். சாப்பிட எழுந்தால், படிக்க எதுவும் இல்லையே என்று கை தானாகத் துழாவும். முடியை வெட்டிக்கொண்டாள். வருஷக்கணக்காகப் பார்க்காத சிநேகிதிக்குப் போன் செய்து, என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்தாள். அந்த மயக்கத்தில்தான் அண்ணன் வந்து, “பதிவு கிதிவு, ஆபீஸ் அலைச்சல் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ தூங்கு” என்றான். அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

“அவ்வளவு படிச்சவ, அந்த ஒண்ணைப் படிக்கல” என்றாள். “அண்ணன்தானேன்னு இருந்துட்டேன்.”

அண்ணி துணியைக் கீழே வைத்தாள். “நீ பாஸ்னு தெரிஞ்சப்ப இவர் மாடிப்படியில உக்காந்து அழுதார்மா. என் கண்ணால பார்த்தேன்.”

“எதுக்கு அழுதார்னு இப்பத்தான் புரியுது அண்ணி.”

அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. “அப்படிச் சொல்லாதே. ஒவ்வொரு தடவையும் பரீட்சை வாசல்ல வெயில்ல நின்னவன் நான். மனசைத் தொட்டுச் சொல்லு.”

“நின்னே. இல்லேன்னு சொல்லல. அந்த வெயிலுக்கு இப்படி வாடகை கேப்பேன்னு தெரிஞ்சிருந்தா குடை கொண்டு வந்திருப்பேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு செருமல் கேட்டது.

“என்ன, அண்ணனும் தங்கச்சியும் கடையை ரெண்டாக்கிடுவீங்க போல இருக்கே?”

ஓய்வுபெற்ற தபால்காரர். அந்தப் பகுதியில் அவர் ஏறாத படி இல்லை. இன்று கடையின் ஒற்றைப் படியை ஏறவே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். முழங்கையில் கட்டு.

“நீயே இருக்கியா அம்மாடி, நல்லதாப் போச்சு. இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல போல. எழுந்தா பூமி சாயுது. நேத்து குளிக்கப் போனவன் அங்கேயே விழுந்துட்டேன்.”

அவள் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். ரத்த அழுத்த மாத்திரை. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கினாள். சீட்டில் இருபத்தைந்து மில்லிகிராம். அட்டையில் ஐம்பது.

அட்டை நீல நிறத்தில் இருந்தது. நீலம் சின்னது, சிவப்பு பெரியது என்பது அந்தக் கடையின் பாடம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அலமாரியிலிருந்து எடுப்பான். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. கம்பெனிக்காரர்கள் அண்மையில்தான் உறையை மாற்றியிருந்தார்கள். இப்போது நீலம்தான் பெரியது. எழுத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தான்.

“ஐயா, இவங்கதான் இப்ப எங்க மருந்தாளுநர். புதுசு இல்லையா, கொஞ்சம் கவனம் பிசகிடுச்சு. இனிமே நடக்காம இவங்க பாத்துப்பாங்க.”

இவங்க என்றான். அவள் பிறந்ததிலிருந்து அவன் அவளை அப்படிச் சொன்னதில்லை.

தபால்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. “நீ எடுத்துக் கொடுத்ததா? போகட்டும் போ. கை தவறாத மனுஷன் உண்டா? நானே ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையை இன்னொருத்தர் வீட்டுல போட்டு, அவங்க பரிசோட போய் நின்னிருக்காங்க.” சிரிக்கப் பார்த்து, தலை சுற்றவும் கண்ணை மூடிக்கொண்டார். “உன் பேரைப் பார்த்துத்தான் பழைய கடையை விட்டுட்டு இங்க வந்தேன். உனக்கு எத்தனை புஸ்தகப் பார்சல் தூக்கிட்டு வந்திருக்கேன்! நம்ம பொண்ணு ஜெயிச்சிட்டான்னு தெருவெல்லாம் சொன்னேன்.”

அவள் முதலில் ஆகவேண்டியதைப் பார்த்தாள். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். இன்று மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, சீட்டில் இருந்த எண்ணுக்கு டாக்டரை அழைத்தாள். உடனே கூட்டிவரச் சொன்னார். அண்ணி வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

அண்ணன் தங்கையின் முழங்கையைப் பிடித்து அலமாரிகளுக்குப் பின்னால் இழுத்தான். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம் இருந்தது.

“விடுவிக்கிறேன். இப்பவே எழுதித் தரேன். திங்கட்கிழமை நீ ஜம்முனு போய் வேலையில சேந்துக்கோ.”

“இப்ப மட்டும் எப்படி மனசு வந்தது?”

“அவர்கிட்ட எதுவும் சொல்லாதே, அவ்வளவுதான். அவருக்கு உன்மேல கோபமே இல்ல, பார்த்தே இல்ல? நீன்னா விட்டுடுவார். நான்னு தெரிஞ்சா விடமாட்டார். கடை போயிடும்.”

“நான் செய்யாததுக்கு அவர் ஏன் என்னை மன்னிக்கணும்?”

“நீ வாயைத் திறந்து விசாரணைன்னு வந்தாலும் முதல்ல வர்றது உன் பேர்தான். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி உன்னைச் சேத்துக்கும்? யோசி. மூணு தடவை எழுதினது இதுக்கா?”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். “உன் நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்” என்றான்.

“உன்னோட நல்லதும் என்னோட நல்லதும் எப்பவும் ஒரே சட்டைப்பையிலதான் இருக்கு உனக்கு” என்றாள் அவள்.

அவன் திறந்து பிடித்திருந்த பேனாவைப் பார்த்தாள். திங்கட்கிழமை அதன் முனையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தை நேர்காணலன்று பார்த்திருந்தாள். வெள்ளை அங்கியில் பெயர் தைத்துத் தருவார்கள் என்றுகூடச் சொல்லியிருந்தார்கள்.

அவனை ஒதுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

“பொடிசு!” என்று அவன் அடிக்குரலில் கூப்பிட்டான்.

அவள் பெஞ்சுக்கு எதிரே, தபால்காரரின் கண்ணுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தாள்.

“ஐயா, அந்த மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கல.”

“அட, அதான் போகட்டும்னு சொன்னேனே...”

“இல்லீங்க ஐயா. முழுசாக் கேளுங்க. நான் இந்தக் கடையில ஒருநாள்கூட வேலை பார்த்ததில்ல. என் உரிமம் இங்க மாட்டியிருக்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

வண்டியோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அலமாரிக்குப் பக்கத்தில் அண்ணன், மூடி கழன்ற பேனாவோடு நின்றான்.

தபால்காரர் சுவரில் இருந்த படத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு அவளை. பிறகு அண்ணனை. வாழ்நாளெல்லாம் பெயரைப் படித்து அந்தப் பெயருக்கு உரியவர் கையில் மட்டுமே கொடுத்தவர் அவர். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார்.

“அப்ப உன் பேரை நம்பி வந்தவங்களுக்கெல்லாம் இங்க மருந்து எடுத்துக் கொடுத்தது யாரும்மா?”