சும்மா இருக்கச் சொன்ன பேட்டன்ட்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் படகுச் சவாரி நடத்தும் மெரின்டா, இணையதள வடிவமைப்பாளன் லாக்லன் தேடலில் மேலே வருவதற்காகத் திருத்திக்கொடுத்த தன் இணையதளம் மூன்றாம் பக்கத்துக்குச் சரிந்ததும் கொதித்துப்போய் அவன் முன் வந்து நின்றாள்.

"என்ன பண்ணித் தொலைச்ச? பழையபடி மாத்து!"

"ஐயோ, தொடாதீங்க! தேடுபொறிக்காரங்க வாங்கின பேட்டன்ட்டை, அதான் காப்புரிமைப் பத்திரத்தை, படிச்சேன். குறுக்கு வழியில மேல வரப் பாக்குறவனைக் கண்டுபிடிக்க, திருத்தின பக்கத்தை வேணும்னே கொஞ்ச நாள் கீழ தள்ளுவாங்களாம். பதறிப்போய் மாத்துறவன் ஏமாத்துக்காரன்னு பிடிச்சிடுவாங்க. சும்மா இருந்தா தானா மேல வரும்."

"அந்தப் பேட்டன்ட்டை யார் வேணும்னாலும் படிக்கலாமா?"

"படிக்கலாம்."

"அப்ப ஏமாத்துக்காரனும் படிச்சிட்டு, இப்ப உன்னை மாதிரியேதானே சும்மா உட்கார்ந்திருப்பான்?"

லாக்லன் திரையைப் பார்த்தான். பாவிகள், அசையாமல் இருப்பவனைத்தான் இப்போது தேடுகிறார்களோ? அவன் கை மெல்ல விசைப்பலகைக்குப் போனது, பாதியிலேயே நின்றது.