ஒரே இடத்தில் விழுந்த வெளிச்சம்

கண்ணாடியை உடைப்பதுதான் என் உத்தியோகம். கல்லால் அல்ல, வெளிச்சத்தால். கண் சிமிட்டும் நேரத்தைச் சில லட்சம் கோடிக் கூறு போட்டால், அதில் ஒரு கூறு மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பு கண்ணாடிக்குள் ஒரு புள்ளியில் குவியும். எவ்வளவு பலம் வரை கண்ணாடி தாங்கும் என்று பார்த்து எழுதுவேன். பலம் குறைந்த துடிப்பு சுவடில்லாமல் கடந்துபோய்விடும். கண்ணாடி எதையும் மனதில் வைத்துக்கொள்ளாது.

என்னோடு ஒரே வீட்டிலிருக்கும் அக்காவும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். குளிக்கும்போது பாடுவாள். சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தினமும் கதவைத் தட்டி, "யாரு போயிட்டாங்க, இப்படி அழறே?" என்பேன். சிரிப்பாள். "மனசுல வச்சுக்காதேக்கா" என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போவேன்.

வியாழக்கிழமை காலை, ஞாயிறன்று வேறு வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். ஏன் என்றதற்கு, "சும்மாதான்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில் வேலையில் கோட்டை விட்டேன். ஒவ்வொரு துடிப்புக்கும் கண்ணாடி கொஞ்சம் நகர வேண்டும். நகர்த்தும் மோட்டாரைப் போட மறந்துவிட்டேன். இருட்டறையில், சத்தமே இல்லாமல், ஒரே இடத்தில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது. அத்தனையும் நோஞ்சான் துடிப்புகள். பார்த்துக்கொண்டே எங்கோ மிதந்துபோனேன்.

பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், மேலே ஒரு கீறலில்லை. உள்ளே ஆழத்தில் உப்புக்கல்போல ஒரு வெள்ளைப் புள்ளி.

"எத்தனாவது அடில உடைஞ்சிருக்கும்?" என்று பக்கத்து மேசை இன்ஜினியரைக் கேட்டேன்.

"ஒண்ணுமேல மட்டும் பழி போட முடியாது. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுட்டுப் போயிருக்கும்."

அப்போதுதான் உறைத்தது. அக்கா பாடி எத்தனை நாளாயிற்று? யோசித்து யோசித்துப் பார்த்தேன், எந்த நாள் நின்றது என்றே தெரியவில்லை.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போகாதேக்கா. இனிமே வாயே திறக்க மாட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதைப் போய் மனசுல வச்சுக்கிட்டியா?"

"நான் எங்கடி வச்சுக்கிட்டேன்?" பெட்டியை மூடினாள். "அதுவா தங்கிடுச்சு. அங்க போயாவது பாட வருதான்னு பார்க்கணும்."

ஞாயிறன்று போய்விட்டாள். திங்கட்கிழமை காலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன். யாரு போயிட்டாங்க என்று கதவைத் தட்டிக் கேட்க ஆளில்லை.