கண்ணோரம் வழிந்த மருந்து

கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே குமட்டியது. இமை இரண்டும் ஊறிய பட்டாணி போல உப்பி, நீர் கசிந்து, காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இந்த மூஞ்சியிடம் யார் கேக் வாங்குவார்கள்? பேக்கரி முதலாளி பட்டென்று சொல்லிவிட்டார்: மாதம் முடிவதற்குள் சரியாகாவிட்டால் கவுண்டருக்கு வேறு ஆள்.

கண்வலிக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் சிவப்பு மூன்றே நாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு பிடித்ததுதான் இந்த அரிப்பு. அரிக்க அரிக்க அதே மருந்தை இன்னும் இரண்டு சொட்டு கூட்டினேன். சொட்டு நேரே விழுந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன் என்பதால் ஒருக்களித்துப் படுப்பேன். எங்களோடு இருக்கும் நாத்தனார்தான் போட்டுவிடுவாள். வழிவதை விரலாலேயே துடைத்தும் விடுவாள்.

ஒரு நாள் அந்த விரல்களைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. சந்தேகமே இல்லை, சொறி. இவளிடமிருந்துதான் எனக்கு ஒட்டியிருக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். சோப்பைப் பிரித்தேன், தட்டைப் பிரித்தேன், அவள் துண்டைக் குச்சியால் தூக்கிக் கொல்லைப்புற ஆணியில் மாட்டினேன். குறுக்கே வந்த என் கணவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

தோல் டாக்டரம்மாவிடம் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன், திருடியைப் பிடித்துக் கொடுப்பது போல. டாக்டரம்மா என் முகத்தைத் திருப்பினார். புண் இமையோடு நிற்காமல் கண்ணோரத்திலிருந்து காது வரை ஒரே கோடாக இறங்கியிருந்தது. எப்படிப் படுத்து மருந்து போடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். யார் போட்டுவிடுவது என்றார். நாத்தனார் கையை நீட்டினாள்.

"இது சொறி இல்லம்மா. இந்தச் சொட்டு மருந்து உங்க ரெண்டு பேர் தோலுக்குமே ஒத்துக்கல. அது வழிஞ்ச இடமெல்லாம் புண்ணாயிருக்கு. உங்களுக்குப் போட்டுவிட்டுத்தான் அவங்க விரலும் இப்படி ஆயிருக்கு. ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டாது."

எனக்கு என் வாயை நினைத்து அருவருப்பாக இருந்தது.

மருந்தை நிறுத்தியதும் வீக்கம் வடிந்தது, வேலையும் தப்பியது. அவள் துண்டை நானே துவைத்து, குளியலறையில் என் துண்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மறுநாள் காலையில் அது பழையபடி கொல்லைப்புற ஆணிக்கே போயிருந்தது. உள்ளேயே போடச் சொன்னேன்.

"வேணாம் அண்ணி, அங்கயே இருக்கட்டும். உங்க துண்டைப் பார்த்தா இப்ப எனக்குக் குமட்டுது."