மூன்று கோப்பை போர்பன்

என் நாக்கைப் பற்றி நானே பெருமையடிப்பது அழகல்ல. ஆனால் வேறு யார் சொன்னாலும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பதினாறு வருடமாக நான்தான் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பது வரை தொழிற்சாலை என் பொறுப்பு. ஒரு வாய் உறிஞ்சித் துப்பினால் போதும், இலை எத்தனை மணி நேரம் வாடியது, உருட்டும்போது எவன் தூங்கினான் என்று சொல்லிவிடுவேன். இந்த நாக்குக்காக வெற்றிலை இல்லை, பீடி இல்லை, சாராயம் இல்லை. கறியில் மிளகாய்கூடக் கிடையாது. "ஒங்களுக்கு ஒரு சட்டி, ஊட்டுக்கு ஒரு சட்டி" என்று என் மனைவி நாகலெட்சுமி சலித்துக்கொள்ளாத நாள் இல்லை.

ஐம்பத்தேழாம் வருடம் ஆடி மழையில் நான் கடுங்கோபத்தில் இருந்தேன். கொழும்புக்கு ஏலத்துக்குப் போன எங்கள் தேயிலையில் தீய்ந்த வாடை அடிக்கிறது என்று தரகரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். ஊற்றிப் பார்த்தேன். தீய்ந்ததுதான், சந்தேகமே இல்லை. தேயிலையைக் காய வைக்கிற டிரையரில் நிற்பவன் சிவசாமி. சூட்டை ஏற்றிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். அவனை நிறுத்திவிடச் சொல்லி எழுதி, கடிதத்தைத் தோட்ட மானேஜரான துரையின் மேசையில் வைத்துவிட்டேன்.

தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். சிவசாமியின் மனைவி பேச்சியம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் வந்து நின்றாள்.

"அவரு சூட்ட ஏத்தலைங்கய்யா. இந்த மழையில மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்கங்க போவோம்?"

"என் நாக்கு பொய் சொல்லாதும்மா," என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று பிற்பகல் துரையே தொழிற்சாலைக்கு வந்தார். கையில் மூன்று சின்னப் புட்டிகள். நாங்கள் பேசுவது இங்கிலீசில்; அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். சனிக்கிழமை ஒரு அமெரிக்கர் தேயிலை வாங்க வருகிறாராம். அவர் ஸ்காட்ச்சைத் தொடமாட்டாராம், போர்பன் என்கிற அவர்கள் ஊர் விஸ்கிதான் வேண்டுமாம். துரைக்கு ஸ்காட்ச் தவிர ஒன்றும் தெரியாது. கம்பெனி கொடுக்கிற விருந்துக் காசோ கொஞ்சம். கொழும்புக் கடைக்காரன் மூன்று மாதிரி அனுப்பியிருக்கிறான். விலையும் கடிக்கக் கூடாது, வந்தவர் முன்னால் வெட்கப்படவும் கூடாது, அப்படி ஒன்றைத் தேர்ந்து கொடு என்றார்.

"குடிக்கத்தானே மாட்டேன். துப்புவதற்கு என்ன," என்றேன்.

விலைச் சீட்டை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். விலை தெரிந்தால் நாக்கு லஞ்சம் வாங்கினவன் போலப் பேசும். தேயிலை ருசி பார்க்கும் மேசையில் மூன்று வெள்ளைக் கோப்பைகளை வைத்து ஒரே அளவாக ஊற்றினேன். முதலில் மோந்தேன். பிறகு கரண்டியால் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, அண்ணத்தில் சுழற்றித் துப்பினேன். நெருப்பை விழுங்குகிறவர்கள்மேல் அன்றுதான் எனக்கு மரியாதை வந்தது.

மூன்றையும் முடித்துவிட்டுச் சொன்னேன்: "மூன்றும் தீய்ந்தது. இதைக் காய்ச்சினவனை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்."

துரை சிரித்த சிரிப்பில் உருட்டு மிசின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டை எடுத்து வாசித்தார். போர்பன் சோளத்தில் காய்ச்சுவது. தானியத்தை யாரும் தீய்ப்பதில்லை. ஓக் மரப் பீப்பாயின் உள்பக்கத்தை வேண்டுமென்றே நெருப்பில் கருக்கி, அதற்குள் வருடக்கணக்காக வைப்பார்களாம். நிறமும் மணமும் அந்தக் கருகலிலிருந்துதான் வருகிறதாம்.

எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் உறிஞ்சினேன். இப்போது தெரிந்தது. இலையோ தானியமோ தீய்ந்தால் முதலில் நாக்கு நுனியில் கசக்கும், தொண்டை வறளும். மரத்தின் கருகல் அப்படி இல்லை. எல்லாம் போன பிறகு மெதுவாக, கொஞ்சம் இனிப்போடு, அண்ணத்தில் வந்து உட்காரும். இது தெரிந்த பிறகு மற்றது சுலபம். மூன்றிலும் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினேன். முதல் கோப்பையில் வெறும் இனிப்பு, தண்ணீர் பட்டதும் அதுவும் போய்விட்டது. மூன்றாவது பீப்பாயில் அளவுக்கு மீறிக் கிடந்தது, மரத்தை நக்கியது போல இருந்தது. இரண்டாவதில் கித்துள் பனையின் பாணி காய்ச்சிப் பதத்துக்கு வரும்போது எழும் வாசனை. கடைசியில் மிளகுபோல ஒரு உறைப்பு. இன்னும் தண்ணீர் ஊற்றினேன். அசையவில்லை.

"இதுதான்," என்றேன்.

துரை சீட்டைப் பார்த்தார். விலையில் அது நடுவில் இருந்தது. ஆனால் மற்ற இரண்டையும்விடக் காரம் கூடியது, நாலு வருடம் பீப்பாயில் இருந்தது.

"ஒரு புட்டி ஒன்றரைப் புட்டிக்கு நிற்கும் ஐயா. தண்ணீர் தாங்குகிற சரக்குதான் மலிவு. தண்ணீரைக் கண்டு ஓடுவதைச் சும்மா கொடுத்தாலும் நட்டம்."

துரை சந்தோஷமாகப் போனார். நான் வாயைக் கொப்பளித்தேன். கொப்பளித்தும் அந்த மரக் கருகல் அண்ணத்தை விட்டுப் போகவில்லை. போகாததோடு, எனக்கு முன்பே பழக்கமான ஆள் போலத் தோன்றியது. விஸ்கியையே அன்றுதான் வாயில் வைக்கிறேன். எங்கே பழகினேன்?

தரகர் அனுப்பிய மாதிரியை எடுத்தேன். டிரையரிலிருந்து இறங்கும்போதே ஒவ்வொரு நாள் தேயிலையிலும் ஒரு பிடி எடுத்துத் தகரத்தில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதே நாள் தகரத்தையும் எடுத்தேன். அதை நான் முன்பே திறந்து பார்த்திருக்க வேண்டும். குற்றவாளி கையில் கிடைத்த பிறகு சாட்சியை யார் தேடுகிறார்கள்? இரண்டிலும் கொதிநீர் ஊற்றி ஆறு நிமிடம் நின்றேன்.

தகரத்துத் தேயிலை சுத்தமாக இருந்தது. பெட்டித் தேயிலையில் நுனிக் கசப்பு இல்லை, தொண்டை வறட்சி இல்லை. கடைசியில் மெதுவாக வந்து உட்கார்ந்தது மரம்.

பெட்டி அறைக்கு ஓடினேன். மிச்சமிருந்த காலிப் பெட்டிகளில் ஏழெட்டில் பலகை ஓரம் பழுப்பேறிக் கருகியிருந்தது. பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள் மூலையில் விட்ட இடைவெளி வழியாக வாடை உள்ளே போயிருக்கிறது. அந்தத் தேயிலையை அடைத்த மழை வாரத்தில் பலகைகள் ஈரமாக இருந்தன. அவற்றை டிரையர் அடுப்புப் பக்கம் இரண்டு நாள் அடுக்கி வைக்கச் சொன்னது யார்? நான்.

உள்ளதைச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யாருக்குத் தெரியும்? கடிதத்தில் துரை கையெழுத்துப் போட்டுவிடுவார், என் பெயருக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் திரும்பி வந்தபோது இரண்டு கோப்பைகளும் மேசைமேல் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. குடையை எடுக்காமல் ஆபீசுக்கு நடந்தேன்.

துரை பேனாவைத் திறந்து வைத்திருந்தார். சொன்னேன். முகம் சிவந்தது. கடிதத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு, என் பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார்.

"எழுதுங்கள் ஐயா," என்றேன்.

லயத்துக்கு நான் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. காம்பிராவில் சட்டி பானைகள் சாக்கில் ஏறிவிட்டன. சிவசாமி தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"ஒம்மேல தப்பு இல்ல சிவசாமி. என்மேலதான். பொட்டிய அடுப்புக்கிட்ட அடுக்கச் சொன்னேன், பலகை கருகிருச்சு. நாளைக்கு வேலைக்கு வா."

அவன் கயிற்றை விடவில்லை. "தெரியுங்கய்யா," என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே பலகை வாட அடிச்சிச்சு. கங்காணிகிட்ட சொன்னேன். டீமேக்கர் ஐயா நாக்குல படாதது ஒன் மூக்குல பட்டுருச்சான்னு சிரிச்சாரு."

"எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?"

பேச்சியம்மாதான் சொன்னாள், கோபமே இல்லாமல். "சொன்னா கேட்டிருப்பீங்களாங்க?"

கேட்டிருக்க மாட்டேன். அவள் மழையில் வந்து நின்று சொன்னதையே கேட்கவில்லையே. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"சரி," என்றேன். "வேற என்னென்ன தெரிஞ்சும் சொல்லாம வச்சிருக்க?"

சிவசாமி பெண்சாதியைப் பார்த்தான். சொல்லு என்பதுபோல அவள் தலையை ஆட்டினாள். நான் அந்தத் தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன்.

"ரெண்டாம் நம்பர் உருட்டு மிசினுங்கய்யா..." என்று தொடங்கினான்.

அவன் சொல்லி முடிக்கும்போது மழை விட்டிருந்தது. பதினாறு வருடத்தில் நான் கவனிக்காமல் விட்ட குறைகள் மொத்தம் ஏழு. மறுநாள் போய்ப் பார்த்தேன். ஏழும் அவன் சொன்னபடியேதான் இருந்தன.