திரும்ப வைக்காத பெட்டி

…அதுதான் எரிச்சல், பிழை என்று கணினி ஒரு சிவப்பு வரியாவது காட்டியிருந்தால் இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று பஸ்லினா நினைத்தாள், மடவளை பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. மருந்துக்கடைகளின் இருப்பைப் பார்க்கும் புரோகிராம், வேலையைப் பிரித்துச் செய்யும் சில புரோசஸ்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய பெட்டி, அதற்குள் கடைக்கொரு சின்னப் பெட்டி. கண்டிக் கடையின் பெட்டியை எடுத்து இன்சுலின் தீர்ந்தது என்று ஒரு புரோசஸ் மாற்றும், மற்றவை பார்த்தால் பழைய எண்ணிக்கையே இருக்கும்… கையில் வந்தது சின்னப் பெட்டியே அல்ல, அதன் நகல். அலுவலகத்தில் பக்கத்துக் கதிரைத் திவாகரன், ஹேவாஹெட்டக்காரன், தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான், "மாத்துனீங்க சரிங்க, அத பெரிய பெட்டியில திரும்ப வச்சீங்களா?" வைக்கவில்லை. ஒரு வரி போட்டதும் சரியாகிவிட்டது, சிரிப்பதா அழுவதா?

சரி, அது முடிந்தது, இது? இன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கல்யாணம் முடிந்தால் வேலையை விட வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. அந்தப் பேச்சு வந்த அன்றே விடமாட்டேன் என்று குசினியில் வைத்து உம்மாவிடம் சொன்னாள், "சரி மகள்" என்றார் உம்மா. கல்யாணப் பேச்சை வாப்பாவிடம் நேரே எடுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை, எல்லாம் உம்மா வழியாகத்தான்… ஆனால் காலையில் வாப்பா மாப்பிள்ளையின் வாப்பாவிடம் போனில், "அதெல்லாம் பிரச்சினயில்ல, வேலைய விட்டுருவா" என்றாரே? அப்படியென்றால் அன்று மாறியது உம்மாவின் கையிலிருந்த நகல் மட்டும்தானா? பாவம், சொல்லப் பயந்திருப்பார். அவளுக்குக் கோபம் வரவில்லை, நேரே வாப்பாவுக்கே போன் எடுத்தாள்.

"வாப்பா, நான் வேலைய விடமாட்டன்." சொல்லிவிட்டாள். இவ்வளவுதானா?

"உம்மா அண்டைக்கே செல்லித்தான் ஈக்கிறாங்க மகள்," என்றார் வாப்பா மெதுவாக. "நானும் சரியெண்டுதான் செல்லின."

அப்படியென்றால் உம்மா பயப்படவில்லை, சொல்லியிருக்கிறார், வாப்பாவும் சரி என்றிருக்கிறார், அதற்குப் பிறகுதான் காலையில் அந்தப் போன்… "அவங்களுக்கு?" என்று கேட்டாள். "கதிரைய அங்கால போடுங்க," என்றார் வாப்பா வேறு யாரிடமோ. போனில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. மடவளை வந்துவிட்டது, இறங்கினாள், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டிய மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் தெரியாது… வழக்கப்படி தேநீர்த் தட்டைக் கொண்டுபோகிற கல்யாணப் பெண் ஸலாம் சொல்வாள், அதற்குப் பிறகு எதுவும் பேசமாட்டாள். இன்று ஸலாத்துக்குப் பிறகு அவர்களிடம் என்ன சொல்வது என்று அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.