நான்காவது சிவப்பு உறை

வைனோ நிஸ்கலா அம்புமுனைகளுக்குத் தோலுறை தைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிலத்துக்காரர் ராய் டெர்வோ பூட்ஸைக் கழற்றாமலேயே சமையலறைக்குள் வந்தார். அந்தப் பக்கத்தில் யாரும் அப்படி வருவதில்லை. வந்தவர் கைக்குள் வைத்திருந்ததைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் போட்டார். கட்டைவிரல் நீளத்தில் ஒரு சிவப்புத் தோலுறை.

"என் மேப்பிள் மரத்தடியில கெடந்துச்சு. வேலியிலேர்ந்து நூறடி உள்ள."

வைனோ ஊசியைக் கீழே வைத்தார். அடிபட்ட மான் வேலியைத் தாண்டினால், அம்பு விட்டவன் சாலை வழியாகச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இரண்டு குடும்பங்களுக்கும் அதுதான் பேச்சு. நாலு வருடம் முன்பு ராயின் மகன் கேட்காமல் நுழைந்துவிட்டான். வைனோ சர்ச் வாசலில் பத்துப் பேர் முன்னால் அவனை நிறுத்தி, "நிஸ்கலா வீட்டுல எவனும் கேக்காம அடுத்தவன் மண்ணை மிதிச்சதில்ல" என்று சொன்னவர்.

சிவப்பு என்றால் மருமகள் கெண்ட்ராவுடையது. காட்டில் விழுந்தாலும் எது யாருடையது என்று தெரிய வேண்டுமென்பது வைனோ போட்ட விதி. அவருடைய உறைகளுக்கு அவரது பழைய பூட்ஸின் பழுப்புத் தோல். கெண்ட்ராவின் உறைகளுக்குக் குதிகால் உடைந்த அவளுடைய சிவப்பு பூட்ஸின் தோல். அதில் நான்கு உறை தேறியது. மூன்றை அவளிடம் கொடுத்தார். பழுப்புத் தோல் தீர்ந்திருந்ததால் நான்காவதைத் தன் அம்புக்கே மாட்டிக்கொண்டார்.

போன வாரம் வியாழக்கிழமை மாலை அவர் அடித்த மான் வேலியைத் தாண்டியது. பத்து நிமிட வெளிச்சம்தான் பாக்கி. சாலை வழியாகப் போனால் அரை மைல். அவர் கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்தார். உள்ளே போய், மறுபடி எய்ய இரண்டாவது அம்பின் சிவப்பு உறையைக் கழற்றியது நினைவிருக்கிறது. பைக்குள் போட்டது நினைவில்லை. மான் கிடைக்கவில்லை.

கெண்ட்ரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய தன் அம்புக்கூட்டைப் பார்த்தாள். மூன்று சிவப்பும் அதில் இருந்தன. ராய் நின்ற இடத்துக்கு அது தெரியாது.

"என்னோடதுதான்," என்றாள். "கேட்டுட்டு வந்திருக்கணும். மன்னிச்சிருங்க."

"அதானே பாத்தேன். வைனோ தைச்சா இப்பிடியா இருக்கும்? எறும்பு குடிச்சிட்டு நடந்த மாதிரில்ல போகுது தையல்."

"இப்பதான் பழகுறேன்."

வைனோ உறையை எடுத்துத் திருப்பினார். முனையின் விளிம்பு நூலை அறுக்காமலிருக்க உள்ளே ஒரு தோல் பட்டை வைத்து, மெழுகு நூலால் தைத்தது. முதல் ஐந்து தையல் நேராக இருந்தது. அதற்கப்புறம் கோடு அலைந்தது. கோடையிலிருந்தே கட்டைவிரல் சொன்னபடி கேட்பதில்லை; அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாய் காபி குடித்தார். வெளியூர்ப் பெண், தெரியாமல் நுழைந்துவிட்டாள் என்று ராயே ஊரில் சொல்லிவிடுவார். அதை நினைத்ததும் காபி கசந்தது. அவளும் நிஸ்கலா என்றுதான் கையெழுத்துப் போடுகிறாள்.

"கெண்ட்ரா, உன் கூட்டைக் கொண்டா."

"விடுங்க மாமா."

"கொண்டான்னேன்."

மூன்று சிவப்பு உறைகளையும் கழற்றி ராய் முன்னால் வரிசையாக வைத்தார். "இவளோடது இங்க இருக்கு. அது என்னோடது. வேலி தாண்டினது நான். கோணலாத் தைச்சதும் நான்தான். கை நடுங்குது."

ராய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான்கு உறைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"மான் சதுப்புல கெடந்துச்சு. இது கெடந்த எடத்துலேர்ந்து நாப்பது அடி. நரி தின்னது போக எலும்புதான் மிச்சம். கேட்டிருந்தா நாயைக் கூட்டிட்டு நானும் வந்திருப்பேன்ல?"

"வந்திருப்ப."

"எம் பையன்கிட்ட நீயே சொல்லிடு."

"ஞாயித்துக்கிழமை சொல்றேன். சர்ச் வாசல்ல," என்றார் வைனோ. "பத்துப் பேர் வந்ததுக்கு அப்புறம்."

கெண்ட்ரா இன்னொரு கோப்பையை எடுத்து வைத்து, ஏலக்காய் ரொட்டியை ராய் பக்கம் நகர்த்தினாள். ராய் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.